எச்.டி. சேனல் 90 இருந்தால் என்ன, 55 இருந்தால் என்ன?

கேள்வி: வீட்டுக்குப் புதிதாக 55 அங்குல டிவி வாங்கியிருக்கிறோம். பழைய 32 அங்குல டிவியில் போட்டிருந்த டி.டி.எச். இணைப்பை இதில் மாட்டினால் படம் முன்பைவிட மோசமாகத் தெரிகிறது. எச்.டி.க்கு மாறலாம் என்று இரண்டு நிறுவனங்களை விசாரித்தோம். ஒன்றில் 90 எச்.டி. சேனல் என்கிறார்கள், இன்னொன்றில் 55தான். மாதக் கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றே. மொட்டைமாடியில் இருக்கும் பழைய டிஷ்ஷே போதும் என்கிறார் முதல் நிறுவனத்தின் முகவர். புது டிஷ்தான் வைப்போம் என்கிறது இரண்டாவது நிறுவனம். என் கணவர் விளையாட்டு மட்டும் பார்ப்பார், மழையில் படம் போய்விடுமோ என்பது அவர் கவலை. நானும் மகளும் படங்கள், தொடர்கள் பார்ப்போம். மாமனாருக்குச் செய்தியும் பழைய படங்களும். எதை எடுப்பது? 4கே பாக்ஸ் எடுக்கச் சொல்கிறார்களே, அது தேவையா?

பதில்: வணக்கம். முதலில் டிவியைப் பற்றி. அதில் குறை எதுவும் இல்லை, கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சாதாரண எஸ்.டி. ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு அதிகபட்சம் 720 × 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம். முழு எச்.டி. திரையில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் உண்டு. உங்களுடையது 4கே திரை என்றால் 80 லட்சத்தைத் தாண்டும். வந்து சேராத புள்ளிகளை டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது. அதோடு 32 அங்குலத்திலிருந்து 55க்குப் போகும்போது திரையின் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. சின்னத் திரையில் கண்ணில் படாமல் இருந்த மங்கலும், முகத்தைச் சுற்றி மொய்க்கும் கசடும் இப்போது பளிச்சென்று தெரிகின்றன. எச்.டி.க்கு மாறும் முடிவு சரியானதுதான்.

எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. 55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 68 செ.மீ. எச்.டி. படத்தின் நுணுக்கம் முழுவதையும் கண் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அந்த உயரத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது இரண்டு மீட்டர் அளவுக்குள் உட்கார வேண்டும். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் தரமான எஸ்.டி.க்கும் எச்.டி.க்கும் உள்ள வித்தியாசம் பெருமளவு கரைந்துவிடும். தரமான எஸ்.டி. என்றுதான் சொல்கிறேன். எஸ்.டி. சேனல்களைப் பெரும்பாலும் கசக்கிப் பிழிந்துதான் அனுப்புகிறார்கள் என்பதால், தூரத்திலிருந்து பார்த்தாலும் எச்.டி. கொஞ்சம் தெளிவாகத்தான் இருக்கும். ஆனாலும் சோபாவை ஒரு மீட்டர் முன்னால் இழுப்பது காசு செலவில்லாத வேலை. முதலில் அதைச் செய்து பாருங்கள்.

இனி 90, 55 விவகாரம்.

இந்த இரண்டு எண்களும் விளம்பரத்துக்கு உதவும், உங்களுக்கு உதவாது. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வழிகள் நிறைய. ஒரே நிகழ்ச்சி நான்கு மொழிக் குரலில் வந்தால் அதை நான்கு சேனலாக எண்ணலாம். தனியாகக் காசு கட்டிப் பார்க்கும் படச் சேனல்களைச் சேர்க்கலாம். நிறுவனம் தன் சொந்த விளம்பரத்துக்காக ஓட்டும் சேனலைக்கூடச் சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 90இல் நீங்கள் எடுக்கப்போகும் பேக்கில் எத்தனை வருகிறது என்பது வேறு கணக்கு. மிக விலை உயர்ந்த பேக்கில் மட்டும் கிடைப்பதை முன்னால் காட்டி, நடுத்தர பேக்கை விற்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம்.

அதனால் ஒரு தாளை எடுத்து டிவி பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு, வீட்டில் யார் எந்தச் சேனலைப் பார்த்தாலும் அதன் பெயரை எழுதட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்தால் மட்டும் எழுதினால் போதும், மாற்றிக்கொண்டே போவதெல்லாம் கணக்கில் வராது. வாரக் கடைசியில் பட்டியல் நீங்கள் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கும். அந்தத் தாளை இரண்டு நிறுவனங்களிடமும் நீட்டி, ‘இந்த பேக்கில் இவற்றில் எவையெல்லாம் எச்.டி.யில் வருகின்றன?’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயருக்குப் பின்னால் எச்.டி. என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு சேனலுக்கு எஸ்.டி., எச்.டி. என இரண்டு வடிவம் இருக்கும், நிறுவனம் எஸ்.டி.யை மட்டும் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கலாம். செயற்கைக்கோளில் இடம் விலை உயர்ந்தது. எல்லாருக்கும் எல்லாவற்றையும் எச்.டி.யில் கொடுக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. எதை விட்டார்கள் என்பதில்தான் இரண்டு நிறுவனங்களும் வேறுபடும்.

உங்கள் கணவருக்காகக் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். அவர் பார்க்கும் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமை எந்தச் சேனலிடம் இருக்கிறது, அந்த உரிமை எப்போது முடிகிறது? விளையாட்டு உரிமைகள் சில வருடங்களுக்கு ஒருமுறை கைமாறும். ஒரே ஒரு விளையாட்டுச் சேனலை நம்பி நீண்ட ஒப்பந்தம் போட்டவர்கள், உரிமை வேறு சேனலுக்குப் போனதும் மாட்டிக்கொள்வார்கள்.

சேனல் எச்.டி. என்பதால் அதில் வரும் நிகழ்ச்சியும் எச்.டி. ஆகிவிடாது. இங்கே உங்கள் மாமனார் விஷயம் வருகிறது. 35 மி.மீ. பிலிமில் எடுத்த பழைய படத்துக்குள் எச்.டி.க்கு வேண்டிய நுணுக்கம் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல பிரதி கிடைத்து, புதிதாக ஸ்கேன் செய்து ஒளிபரப்பினால் ஐம்பது வருடப் பழைய கறுப்பு வெள்ளைப் படம்கூட அசத்தும். ஆனால் எப்போதோ வீடியோ டேப்பில் ஏற்றி வைத்த பிரதியையே இன்னும் ஓட்டினால், எச்.டி. சேனலில் வந்தாலும் அது பெரிதாக்கப்பட்ட எஸ்.டி.தான். எஸ்.டி. வீடியோவில் எடுக்கப்பட்ட பழைய தொடர்களுக்கு விமோசனமே கிடையாது. இல்லாத நுணுக்கத்தை யாரும் கொண்டுவர முடியாது. பழைய 4:3 வடிவத்தில் வரும் படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் சேனல் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்று பொருள். முகங்கள் எல்லாம் உப்பித் தெரிந்தால் இழுத்து நீட்டியிருக்கிறார்கள். செய்தி சேனல்களில் ஸ்டூடியோ பளபளப்பாக இருக்கும், வெளியிலிருந்து வரும் காட்சிகள் கைப்பேசியில் எடுத்தவையாக இருக்கும். ஆக, மாமனாருக்காக எச்.டி. பேக்குக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவருக்குத் தேவை தெளிவான ஒலி.

அடுத்தது, யாரும் வாங்கும்போது கேட்காத, ஆனால் படத்தின் தரத்தை உண்மையில் தீர்மானிக்கும் விஷயம். ஒரு சேனலுக்கு எவ்வளவு பிட், அதாவது வினாடிக்கு எவ்வளவு தகவல், ஒதுக்குகிறார்கள்?

ஸ்டூடியோவுக்குள் சுருக்கப்படாத எச்.டி. படம் வினாடிக்கு சுமார் 1,500 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது. செயற்கைக்கோள் வழியாக உங்கள் வீட்டுக்கு வரும்போது அது 5 முதல் 10 மெகாபிட்டாகச் சுருங்கியிருக்கும். நூறு மடங்குக்கும் மேல் சுருக்கம். இது மோசடியல்ல, அபாரமான பொறியியல். 1990களில் வந்த எம்பெக்-2 என்ற சுருக்கும் முறையில் ஒழுங்கான எச்.டி. படத்துக்கு 15 மெகாபிட்டுக்கு மேல் வேண்டியிருந்தது. 2003இல் வந்த எம்பெக்-4 ஏ.வி.சி. அதை ஏறக்குறையப் பாதியாக்கியது. 2005இல் வந்த டி.வி.பி.-எஸ்2 என்ற அனுப்பும் முறை, அதே அலைவரிசையில் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தகவலை ஏற்ற வழி செய்தது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் செயற்கைக்கோளில் இத்தனை எச்.டி. சேனல்கள் சாத்தியமாயின.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், செயற்கைக்கோளில் உள்ள ஒரு டிரான்ஸ்பாண்டரின், அதாவது சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியின், கொள்ளளவு ஓரளவு நிலையானது. டி.வி.பி.-எஸ்2 முறையில் வினாடிக்கு 45 முதல் 60 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஆறு எச்.டி. சேனல் ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் தாராளமாகக் கிடைக்கும். பன்னிரண்டை ஏற்றினால் தலைக்கு 4, 5தான். தெருக்குழாயில் குடங்கள் கூடக்கூட எல்லாக் குடமும் மெதுவாக நிறைவதைப் போலத்தான். எந்தச் சேனலில் அசைவு அதிகமோ அதற்கு அந்த நொடியில் கூடுதலாகக் கொடுத்து, பேச்சு மட்டும் நடக்கும் சேனலிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரே டிரான்ஸ்பாண்டரில் மூன்று விளையாட்டுச் சேனல்கள் இருந்து மூன்றிலும் ஆட்டம் சூடு பிடித்தால் பிடுங்குவதற்கு ஆள் இருக்காது.

இந்த பிட் கணக்கை எந்த நிறுவனமும் விளம்பரத் தாளில் அச்சிடாது. கேட்டாலும் முகவருக்குத் தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். கடையில் பார்க்காதீர்கள். அங்கே ஓடுவது பெரும்பாலும் பென் டிரைவில் போட்டு வைத்த மாதிரிப் படம், டிவியும் கண்ணைப் பறிக்கும் வண்ண அமைப்பில் இருக்கும். அந்தச் சேவையை வைத்திருக்கும் நண்பர் அல்லது உறவினர் வீட்டுக்குச் சாயங்காலம், எல்லாரும் டிவி பார்க்கும் நேரத்தில் போங்கள். நேரலை விளையாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கேமரா வேகமாகத் திரும்பும்போது புல்தரை பச்சைச் சாந்து பூசினாற்போல் வழவழவென்று ஆகிறதா? கூட்டத்தில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றனவா? அப்புறம் ஒரு படத்தில் இருட்டான காட்சியைப் பாருங்கள். சுவரின் நிழலில் படிக்கட்டுபோல அடுக்கடுக்காகப் பட்டைகள் தெரிந்தால் பிட் போதவில்லை. தண்ணீர், மழை, தூவப்படும் காகிதத் துணுக்குகள், பளிச் பளிச்சென்று அடிக்கும் கேமரா விளக்குகள் எல்லாம் சுருக்கத்துக்கு எமன். செய்தி வாசிப்பவரின் முகத்தை வைத்து எந்தச் சேவையையும் எடை போட முடியாது, அங்கே எல்லாரும் பாஸ்.

90 சேனல் கொடுக்கும் நிறுவனம் கூடுதலான டிரான்ஸ்பாண்டர்களை வாடகைக்கு எடுத்திருந்தால் படம் நன்றாகவே இருக்கலாம். 55 கொடுப்பவர் கஞ்சத்தனம் செய்திருக்கவும் கூடும். எண்ணை வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது என்பதால்தான் நேரில் பார்க்கச் சொல்கிறேன்.

விளையாட்டு என்றதும் 1080ஐ (1080i), 720பி (720p) என்ற பேச்சு வரும். அதிகம் குழம்ப வேண்டாம். 1080ஐ முறையில் ஒரு நேரத்தில் பாதி வரிகள் வரும், அடுத்த நொடித்துளியில் மீதிப் பாதி. 720பியில் வரிகள் குறைவு, ஆனால் ஒவ்வொரு முறையும் படம் முழுதாக வரும், அதனால் வேகமான அசைவு சுத்தமாக இருக்கும். எந்த முறை என்பதைச் சேனல்தான் முடிவு செய்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, பாக்ஸின் அமைப்பில் வெளியீட்டைச் சரியாக வைப்பது. சில பாக்ஸ்கள் ஆலையிலிருந்தே 576 என்ற எஸ்.டி. அமைப்பில் வரும். மாட்டிவிட்டுப் போகிறவர் அதை மாற்றாமலே போய்விடுவார். எச்.டி.க்குக் காசு கட்டிவிட்டு மாதக்கணக்கில் எஸ்.டி. பார்க்கும் வீடுகள் உண்டு. அதேபோல பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ. கேபிள்தான் போக வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனையுள்ள பழைய கேபிளில் எச்.டி. படம் வரவே வராது. எச்.டி.எம்.ஐ. கேபிளுக்குத் தங்கமுலாம் அது இது என்று விலை சொல்வார்கள். இரண்டு மீட்டர் தூரத்துக்குச் சாதாரணக் கேபிளே போதும்.

இனி மழையும் டிஷ்ஷும். முகவர் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டு டிஷ்களுக்கு வரும் அலைகள் பெரும்பாலும் கு பேண்ட் எனப்படும் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலானவை. அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் இந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு தூரத்தையும் சிரமமில்லாமல் கடந்து வரும் சிக்னல், கடைசிச் சில கிலோமீட்டர் மழையில் அடிபடுகிறது. அடைமழையில் எந்த நிறுவனத்தின் படமும் சில நிமிடம் போகத்தான் செய்யும். ‘எங்களுடையது மழைக்கும் போகாது’ என்று ஒருவர் அடித்துச் சொன்னால் அவர் சொல்லும் மற்றவற்றையும் சந்தேகியுங்கள்.

ஆனால் எவ்வளவு மழைக்குப் போகிறது, எவ்வளவு நேரம் போகிறது என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. டிஜிட்டல் சிக்னலில் பழைய காலத்தைப்போல் படம் படிப்படியாகப் புள்ளி அடித்து மங்காது. ஒரு எல்லை வரை படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும், எல்லைக்குக் கீழே இறங்கியதும் உடைந்து நின்றுவிடும். அதனால் நல்ல வெயில் நாளில் மிகச் சரியாக வைத்த டிஷ்ஷும், அரைகுறையாக வைத்த டிஷ்ஷும் ஒரே மாதிரிப் படம் காட்டும். எல்லைக்கு மேலே எவ்வளவு இருப்பு வைத்திருக்கிறீர்கள் என்பது மழை வரும்போதுதான் வெளியே தெரியும்.

அந்த இருப்பைக் கூட்ட வழி இரண்டு. ஒன்று டிஷ்ஷின் அளவு. 60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதில் 90 செ.மீ. வைத்தால் சிக்னலை வாங்கும் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. 75 வைத்தாலே ஒன்றரை மடங்கு. அடிக்கடி கனமழை பெய்யும் இடமானால், கூடுதல் காசு கொடுத்தாவது பெரிய டிஷ் வாங்குவது, பெரிய பேக் வாங்குவதைவிட நல்ல செலவு. இன்னொன்று திருப்பும் துல்லியம். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை மூன்று பாகைக்கும் (டிகிரிக்கும்) குறைவு. அரைப் பாகை, ஒரு பாகை தப்பினாலும் வெயிலில் படம் வரும், இருப்பு மட்டும் குறைந்துபோகும். படம் வந்ததும் நட்டை முறுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது மாட்டுபவர்களின் வழக்கம். அவரை நிறுத்தி, பாக்ஸின் அமைப்பில் சிக்னல் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். பார்க்க வேண்டியது தரம். வலிமை நிறைந்து இருந்தும் தரம் கீழே கிடந்தால் படம் நிற்காது. தரப் பட்டை இனி ஏறாது என்ற நிலை வரும்வரை டிஷ்ஷை மேலும் கீழும், இடமும் வலமும் மெதுவாக நகர்த்தி, டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவியையும் சற்றுத் திருப்பிப் பார்த்த பிறகுதான் முறுக்க வேண்டும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் புகார் சொல்லும்போது அதுதான் உங்கள் சாட்சி.

சரி, உங்கள் பழைய டிஷ் போதுமா? அது முதல் நிறுவனத்தின் செயற்கைக்கோளையே பார்த்துக்கொண்டிருக்கிறதா என்பது முதல் கேள்வி. வேறு செயற்கைக்கோள் என்றால் திருப்ப வேண்டும், எல்.என்.பி.யும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, டிஷ்ஷின் உருவம். பல வருடம் காற்றிலும் வெயிலிலும் நின்ற தகடு கொஞ்சம் நெளிந்திருக்கும். அலைநீளமே இரண்டரை சென்டிமீட்டர் என்னும்போது சில மில்லிமீட்டர் நெளிவுகூடச் சிக்னலைச் சிதற வைக்கும். கம்பம் துருப்பிடித்து ஆடினால் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். பழைய எஸ்.டி. சேனல்கள் பெரும்பாலும் க்யூ.பி.எஸ்.கே. என்ற, அடி தாங்கும் முறையில் வந்தவை. எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் 8 பி.எஸ்.கே. என்ற முறையில் வருகின்றன. இதில் கூடுதல் தகவலை ஏற்றலாம், பதிலுக்குச் சிக்னல் இன்னும் சுத்தமாக வேண்டும். அதனால்தான் பழைய டிஷ்ஷிலேயே எச்.டி. பாக்ஸை மாட்டிய வீடுகளில், தூறல் வந்தால் எஸ்.டி. சேனல்கள் ஓடிக்கொண்டிருக்க எச்.டி. மட்டும் நின்றுபோகும். பாக்ஸ் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முகவர் பொய் சொல்லவில்லை, அவர் வரும் நாளில் பழைய டிஷ்ஷில் படம் வரும். மழை வரும் நாளில் அவர் வரமாட்டார்.

கேபிளும் அப்படித்தான். டிஷ்ஷிலிருந்து பாக்ஸ் வரை ஆர்.ஜி.-6 கேபிள், நடுவில் ஒட்டில்லாமல், ஒரே நீளமாக இழுக்கச் சொல்லுங்கள். எல்.என்.பி. முனையில் தண்ணீர் இறங்காதபடி ரப்பர் உறை போட்டிருக்க வேண்டும். மழை நின்று வானம் வெளுத்த பிறகும் படம் வரவில்லை என்றால் பெரும்பாலும் இணைப்பு முனைக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். வானத்தின்மேல் பழி போட முடியாது.

பணம் கட்டுவதற்கு முன், டிஷ் வைக்கும் இடத்திலிருந்து அந்த நிறுவனத்தின் செயற்கைக்கோள் இருக்கும் திசையில் மரமோ கட்டடமோ மறைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிறுவனங்களும் வெவ்வேறு செயற்கைக்கோளைப் பயன்படுத்தினால் ஒன்றுக்கு வானம் திறந்திருக்கும், இன்னொன்றுக்கு மறைத்திருக்கும். அப்படியானால் தேர்வு அங்கேயே முடிந்தது. இன்றைக்கு இலை இல்லாத மரம் நாளைக்குத் துளிர்க்கும் என்பதையும் யோசியுங்கள். (மார்ச், செப்டம்பரை ஒட்டிச் சில நாட்கள், பகலில் குறிப்பிட்ட நேரத்தில் சில நிமிடம் படம் போகலாம். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் ஏற்படுவது அது. யாரையும் கூப்பிட வேண்டாம், தானாகச் சரியாகும்.)

உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டுமானால், என் மனம் இரண்டாவது நிறுவனத்தின் பக்கம் சாய்கிறது. புது டிஷ் வைப்போம் என்று பிடிவாதமாகச் சொல்வதே நல்ல அறிகுறி. ஆனால் உங்கள் தாளில் உள்ள விளையாட்டுச் சேனல்கள் அவர்களிடம் எச்.டி.யில் இல்லையென்றால் யோசிக்காமல் முதல் நிறுவனத்துக்குப் போங்கள், புது டிஷ் வைத்துத் தந்தால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டு. கணவருக்கு ஆட்டம் வராத எச்.டி. இணைப்பால் வீட்டில் நிம்மதி கெடும்.

வீட்டில் ஒருவர் பார்க்கும் நேரத்தில் இன்னொருவர் வேறொன்றைப் பார்க்க நினைப்பார் போலிருக்கிறது. ரெக்கார்டிங் வசதியுள்ள பாக்ஸ் எடுத்தால் சண்டை பாதி குறையும். ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்ய அதில் சேனலைப் பிடிக்கும் ட்யூனர் குறைந்தது இரண்டு வேண்டும். பல பாக்ஸ்களில் அதற்கு டிஷ்ஷிலிருந்து இரண்டு கேபிள் இழுக்க வேண்டியிருக்கும், மாட்டும் நாளிலேயே இழுத்துவிடச் சொல்லுங்கள். எச்.டி. பதிவுக்கு மணிக்குச் சுமார் மூன்றரை ஜிகாபைட் இடம் பிடிக்கும், 500 ஜிகாபைட் இருந்தால் நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பதிவுகள் அந்த பாக்ஸோடு பூட்டப்பட்டிருக்கும். பாக்ஸ் கெட்டாலோ நிறுவனம் மாறினாலோ எல்லாம் போய்விடும். மகளின் பள்ளி நிகழ்ச்சி ஏதாவது டிவியில் வந்தால் அந்தப் பதிவை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள். முதல் சில மாதச் சலுகைக்குப் பிறகு கட்டணம் என்ன, பாக்ஸ் உங்களுக்குச் சொந்தமா வாடகையா, நடுவில் விட்டால் அபராதம் உண்டா. எச்.டி.க்கென்று தனிக் கட்டணம் மாதாமாதம் சேர்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். மிச்சமெல்லாம் எல்லாரிடமும் ஒன்றுதான்.

வீட்டில் நல்ல இணைய இணைப்பு இருந்தால், நீங்களும் மகளும் பார்க்கும் படங்கள், தொடர்களில் பலவற்றை அதிலேயே எச்.டி.யில் பார்க்கலாம். அப்படியானால் டி.டி.எச்.சில் படப் பேக்கைக் குறைத்து விளையாட்டுப் பேக்கை மட்டும் வைத்துக்கொள்ளும் யோசனையும் உண்டு. நேரலை ஆட்டத்துக்குச் செயற்கைக்கோள்தான் என் தேர்வு. இணையத்தில் அது பெரும்பாலும் இன்னும் பல வினாடி பின்தங்கி வரும். அடுத்த வீட்டுக் கூச்சல் முதலில் கேட்டுவிடும்.

கடைசியாக 4கே பாக்ஸ். உங்கள் பட்டியலில் உள்ள சேனல்களில் 4கேவில் வருவது ஏதாவது இருக்கிறதா என்று முகவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். அநேகமாக அவர் எப்போதாவது நடக்கும் ஒரு போட்டியையோ, இயற்கைக் காட்சிகள் ஓடும் ஒரு சேனலையோ காட்டுவார். மற்ற நேரமெல்லாம் அந்த பாக்ஸ் செய்வது எச்.டி. படத்தைப் பெரிதாக்கி அனுப்புவதைத்தான். 4கே டிவியாக இருந்தால் அந்த வேலையை அதுவே செய்துகொள்ளும், பல சமயம் பாக்ஸைவிட நன்றாகவே. விலை ஒன்றேயானால் எடுத்துக்கொள்ளுங்கள். கூடக் கேட்டால் வேண்டாம், அந்தக் காசை 75 செ.மீ. டிஷ்ஷுக்குக் கொடுங்கள்.